ஒரே எக்ஸ்ரே, இரண்டு டாக்டர்கள்

வந்த கடிதம், சுருக்கமாக:

"வயது 36. வலி எதுவும் இல்லை, பல் சுத்தம் செய்யத்தான் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நான்கு பல்லில் சொத்தை இருக்கிறது, நான்கையும் அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். மனது ஒப்பாமல் அதே எக்ஸ்ரேயை இன்னொருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றை மட்டும் அடைக்கலாம், மற்ற மூன்றுக்கும் டிரில் வேண்டாம், மருந்து பூசி ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்கிறார். யார் சொல்வது உண்மை? சொத்தை தானாக ஆறுமா? ஆறும் என்றால் இத்தனை காலம் எல்லோருக்கும் ஏன் அடைத்தார்கள்? இரண்டு வேளையும் பல் தேய்க்கிறேன், இனிப்பு அதிகம் சாப்பிடுவதில்லை, வேலை நேரத்தில் டீ மட்டும் கொஞ்சம் கூடுதல். ஒவ்வாமைக்குத் தினம் ஒரு மாத்திரை போடுகிறேன். ஆறு வயது மகளுக்கும் பால் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. விழப்போகிற பல்தானே, விட்டுவிடலாமா?"

பதில்:

முதலில் உங்களைக் குடைகிற கேள்விக்கு வந்துவிடுகிறேன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பார்த்தது ஒரே நிழலைத்தான். ஒருவர் சொத்தை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தார், மற்றவர் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தார். நான் இரண்டாமவர் பக்கம். ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். டிரில் வேண்டாம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அர்த்தமில்லை. டிரில் போட்டு அடைத்தால் டாக்டர் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், நீங்கள் வாயைத் திறந்துவைத்திருந்தால் போதும். டிரில் இல்லாத வழியில் முக்கால்வாசி வேலை உங்கள் தலையில், அதுவும் மாதக்கணக்கில். இதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்வதாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

நம் மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், சொத்தை. பல்லின் கடினமான வெளி அடுக்கான எனாமலில் சுண்ணாம்பு தீற்றிய மாதிரி ஒரு வெள்ளைத் தடம் இருந்தாலும் சொத்தை, பல் பாதி உடைந்து சீழ் கட்டி கன்னம் வீங்கினாலும் சொத்தை. இதைவிட மோசம், "பூச்சி விழுந்துவிட்டது" என்பது. பூச்சி என்று சொன்ன பிறகு அதைத் தோண்டி எடுக்காமல் யாருக்குத் தூக்கம் வரும்? உள்ளே பூச்சி எதுவும் இல்லை. நடப்பது ஒரு வரவு செலவுக் கணக்கு.

எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்ணிய படிகங்கள் நெருக்கி அடுக்கியது. பல்லின் மேல் எப்போதும் ஒரு படலம் படிகிறது, அதில் இருக்கிற பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடுகிற சர்க்கரையில் பங்கு எடுத்துக்கொண்டு அமிலத்தை வெளியே விடுகின்றன. அந்த இடத்தில் பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறைகிற அளவு) சுமாராக 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து தாது கரைந்து வெளியே வர ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தை அடக்கிவிடும், தன்னிடம் கரைந்திருக்கிற கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் எனாமலுக்குத் திருப்பிக் கொடுக்கும். இந்தப் போக்குவரத்து உங்கள் வாயிலும் என் வாயிலும் தினம் பல தடவை நடக்கிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் செலவு வரவை மிஞ்சிக்கொண்டே போனால்தான் கண்ணுக்கோ எக்ஸ்ரேக்கோ தெரிகிற அளவுக்கு அது வரும்.

இதில் விசேஷம் என்னவென்றால், ஆரம்பத்தில் மேல் ஓடு அப்படியே நிற்கும். தாது குறைவது அதற்கு அடியில். தொட்டால் குழி இருக்காது, பல் ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, காற்றடித்துக் காயவைத்தால்தான் வெள்ளையாக மங்கித் தெரியும். இன்னும் கொஞ்சம் முற்றியிருந்தால் ஈரத்திலேயே தெரியும். இந்த ஓடு உடையாத வரைக்கும் கணக்கைத் திருப்பலாம். உடைந்து குழி விழுந்துவிட்டால் கதை வேறு, ஏனென்றால் குழிக்குள் பிரஷ் போகாது, உமிழ்நீரும் சரியாக எட்டாது, பாக்டீரியாவுக்கு வாடகை இல்லாத வீடு கிடைத்த மாதிரி.

ஆகவே "தானாக ஆறுமா" என்பதற்கு என் பதில்: தானாக ஆறாது, ஆறவைக்க முடியும், அதுவும் ஓடு உடையாத கட்டத்தில். ஆறுவது என்றால் பழைய பளபளப்பு அப்படியே திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில தடங்கள் மறையும், பல தடங்கள் மறையாமல் நின்றுவிடும். நின்றுபோன தடம் கெட்டியாக, வழவழப்பாக, பளபளவென்று இருக்கும், சில சமயம் உணவுக் கறை ஏறி பழுப்பாகவோ கறுப்பாகவோ கூட மாறும். பலர் இந்த நிறத்தைப் பார்த்துத்தான் பயந்துபோய் வருகிறார்கள். உண்மையில் மங்கலான, சொரசொரப்பான வெள்ளைத் தடம்தான் வளர்ந்துகொண்டிருக்கிற சொத்தை. பளபளக்கிற பழுப்புத் தடம் பெரும்பாலும் ஆறிய காயத்தின் தழும்பு. தழும்பை யாராவது அறுத்து எடுப்பார்களா?

பிறகு ஏன் இத்தனை காலம் எல்லோருக்கும் அடைத்தார்கள்? நியாயமான கேள்வி. நூறு வருடங்களுக்கும் முன்னால் அமெரிக்காவில் ஜி.வி. பிளாக் என்று ஒரு பல் மருத்துவர் இருந்தார், நாங்கள் கல்லூரியில் குழி தோண்டக் கற்றுக்கொண்ட முறை பெரும்பாலும் அவர் வகுத்தது. சொத்தை இருக்கிற இடத்தோடு நிற்காதே, நாளை சொத்தை வரக்கூடிய பள்ளம் வரைக்கும் சேர்த்துத் தோண்டி அடைத்துவிடு என்பது அவர் கொள்கை. அன்றைக்கு அது தப்பில்லை. ஃபுளோரைடு பேஸ்ட் கிடையாது, சொத்தை வேகமாகப் பரவும், அடைக்கிற உலோகக் கலவை பல்லோடு ஒட்டாது, அது நிற்கவே பெரிய குழி வேண்டும். 1950-களுக்குப் பிறகு ஃபுளோரைடு பேஸ்ட் பரவலானது, சொத்தையின் வேகம் குறைந்தது, எங்கள் கை மட்டும் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. நானே தொழிலுக்கு வந்த முதல் சில வருடங்களில் எக்ஸ்ரேயில் லேசாக ஒரு நிழல் தெரிந்தால் திறந்துவிடுவேன். திறந்து பார்த்தால் அழுகல் எதுவும் இல்லாமல் கொஞ்சம் மங்கிய எனாமல் மட்டும் இருந்த நாட்கள் உண்டு. அந்த நோயாளிகளிடம் அப்போது நான் அதைச் சொல்லவில்லை. திறந்தாகிவிட்டது, அடைத்துத்தானே ஆக வேண்டும்?

அடைத்தால் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். ஃபில்லிங் ஆயுசுக்கும் நிற்கிற பொருள் கிடையாது. ஓரம் விரியும், உடையும், அடியில் மறுபடி சொத்தை வரும், மாற்ற வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் குழி கொஞ்சம் பெரிதாகும். 36 வயதில் சின்னதாக ஆரம்பித்தது 60 வயதில் ரூட் கெனாலில் போய் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பல் இடுக்கில் டிரில் செய்யும்போது பக்கத்துப் பல்லில் கீறல் விழுவதும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இதெல்லாம் போக, ஃபில்லிங் குழியை மூடுமே தவிர அந்தக் குழி விழக் காரணமான கணக்கைத் தொடுவதில்லை. நான்கையும் அடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அதே மாதிரி இருந்தீர்கள் என்றால், மூன்று வருடம் கழித்து ஐந்தாவதற்கு வருவீர்கள்.

அவசரமும் அவ்வளவு இல்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தின் வெண்டெல் எவன்ஸ் குழுவினர், ஆரம்பச் சொத்தையைத் திறக்காமல் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற மருந்தைப் பூசி, பல் தேய்ப்பதைச் சரிசெய்து, இடைவிடாமல் தின்பதைக் குறைத்து, எக்ஸ்ரேயில் தொடர்ந்து கவனிக்கிற ஒரு முறையைச் சாதாரணப் பல் மருத்துவமனைகளில் ஏழு வருடம் நடத்திப் பார்த்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஃபில்லிங் தேவைப்படுவது 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்தது. சொத்தை எனாமலைத் தாண்டி அதற்கு அடியில் இருக்கிற டென்டின் என்ற அடுக்குக்குள் போகச் சராசரியாக நான்கு முதல் எட்டு வருடம் ஆகிறது என்று எவன்ஸ் அப்போது சொன்னார். சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள், சிலருக்கு இதைவிட வேகமாகவும் போகும், பால் பல்லில் நிச்சயம் வேகம் அதிகம்.

சரி, உங்கள் நான்கு பற்களுக்கு வருவோம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன், வாயைப் பார்க்காமல் சொல்வது, அதை மறக்க வேண்டாம்.

பல் இடுக்கில் இருக்கிற இரண்டும் எனாமலின் வெளிப்பாதியில் நிற்பதாகப் போட்டிருக்கிறது. இந்த ஆழத்தில் ஓடு உடைந்திருக்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. டிரில் எடுக்க எந்தக் காரணமும் இல்லை. டென்டினுக்குள் கொஞ்சம் நுழைந்த நிழலாக இருந்திருந்தால்தான் தலைவலி, அந்தக் கட்டத்தில் சிலருக்கு ஓடு உடைந்திருக்கும், சிலருக்கு உடைந்திருக்காது, எக்ஸ்ரே அதைச் சொல்லாது. அப்போது இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டி, ஓரிரு நாளில் பல் லேசாக விலகியதும் நேரிலேயே பார்த்துவிடலாம். பழைய யுக்தி, இப்போதும் நன்றாக வேலை செய்கிறது, ஏனோ பலர் செய்வதில்லை.

மூன்றாவது, கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் பழுப்புக் கோடு, குழி இல்லை. இதற்கு சீலன்ட். பல்லின் பள்ளத்துக்குள் ஒரு மெல்லிய பிசினை ஓடவிட்டு ஒளி காட்டி இறுக்குவார்கள், டிரில் இல்லை, ஊசி இல்லை, வலி இல்லை. "உள்ளே கிருமியை வைத்து மூடினால் அது தின்றுகொண்டே போகாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். போகாது, மூடி கசியாமல் இருக்கும் வரை. சர்க்கரை வரத்து நின்றுபோனால் பாக்டீரியா பட்டினி. குழியே விழுந்த சொத்தையைக் கூடச் சுத்தம் செய்யாமல் காற்றுப் புகாமல் மூடி வைத்துப் பத்து வருடம் கவனித்த மெர்ட்ஸ்-ஃபேர்ஹர்ஸ்ட் குழுவின் ஆய்வு அமெரிக்காவில் 1998-ல் வந்தது, மூடிய சொத்தை முன்னேறவில்லை. ஆனால் சீலன்ட் பெயர்ந்து போகக்கூடியது, ஒவ்வொரு தடவை போகும்போதும் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

நான்காவதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "அதில் மட்டும் சாப்பாடு மாட்டுகிறது, நாக்கு வைத்தால் பள்ளம் தெரிகிறது" என்று. அதை அடையுங்கள். டிரில்லே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிற இடம் அது இல்லை. இப்போதெல்லாம் நரம்புக்கு மிக அருகில் இருக்கிற சொத்தையை முழுவதும் சுரண்டி எடுக்காமல் ஒரு மெல்லிய அடுக்கை விட்டுவிட்டு மூடுகிறோம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்த மூன்று பற்களை ஆறவைக்கிற வேலை. இதில் டாக்டர் செய்வது கொஞ்சம்தான், அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபுளோரைடு வார்னிஷ் என்பது 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு, அதாவது ஃபுளோரைடு 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). சாதாரண பேஸ்ட்டைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல். பல்லைத் துடைத்துவிட்டு பிரஷால் தடவுவார்கள், ஒரு நிமிட வேலை. அன்றைக்குச் சில மணி நேரம் கடினமானதைக் கடிக்காமலும் பல் தேய்க்காமலும் இருக்க வேண்டும், பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். ஒரு தடவை பூசிவிட்டு மறந்துபோனால் பூசியதற்கு அர்த்தமில்லை. பல் இடுக்குச் சொத்தைக்கு ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் என்று இன்னொன்றும் இருக்கிறது. மேல் ஓட்டை அமில ஜெல்லால் கொஞ்சம் திறந்து, தண்ணீர் மாதிரி ஓடுகிற ஒரு பிசினை அந்த நுண்துளைகளுக்குள் ஊறவிட்டு இறுக்குவது. எனாமலின் உள்பாதி வரை போன சொத்தைக்கு நல்ல வழி, முன்பல்லில் கம்பி கழற்றிய பிறகு தெரிகிற வெள்ளைத் திட்டுகளையும் இது நன்றாக மறைக்கும். உங்கள் வெளிப்பாதிச் சொத்தைக்கு இப்போதைக்குத் தேவையில்லை என்றே சொல்வேன், ஒரு வருடம் கழித்து நிழல் வளர்ந்திருந்தால் யோசிக்கலாம். இதெல்லாம் ஏதோ மாற்று வைத்தியம் என்று நினைக்காதீர்கள், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே குழி விழாத சொத்தைக்கு சீலன்ட், வார்னிஷ், இன்ஃபில்ட்ரேஷன் இவற்றைத்தான் முன்னால் வைக்கிறது.

இப்போது உங்கள் வேலை. இரண்டு வேளை தேய்க்கிறேன் என்கிறீர்கள். எந்த பேஸ்ட்? அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் என்று இருக்க வேண்டும், பெரியவர்களுக்கு 1450-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. பிபிஎம் எண்ணே போடாத பேஸ்ட், கரித்தூள் பேஸ்ட், "ஃபுளோரைடு அறவே இல்லாதது" என்று பெருமையாக எழுதியிருக்கிற பேஸ்ட், இவற்றை உங்கள் நிலையில் இருப்பவர் ஒதுக்கிவைக்க வேண்டும். சொத்தை அடிக்கடி வருகிற பெரியவர்களுக்கு 5000 பிபிஎம் பேஸ்ட்டை டாக்டர் எழுதிக் கொடுப்பதும் உண்டு, அதை நீங்களாக வாங்காதீர்கள், குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவும் கூடாது.

தேய்த்து முடித்ததும் என்ன செய்கிறீர்கள்? வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். அதை நிறுத்துங்கள். துப்பிவிடுங்கள், கொப்பளிக்க வேண்டாம். மிஞ்சியிருக்கிற அந்தக் கொஞ்சம் ஃபுளோரைடுதான் இரவு முழுக்க வேலை செய்யப்போகிறது, கரைந்து வருகிற கால்சியத்தைப் பிடித்துத் திரும்பப் படிகமாக்க உதவுவது அது. அப்படி ஃபுளோரைடோடு சேர்ந்து உருவாகிற படிகம் பழையதைவிடக் கெட்டி, பி.எச். 4.5 வரை இறங்கினால்தான் கரையும். முதல் நான்கைந்து நாள் வாயில் நுரை இருப்பது எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். இரவு தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும், அந்த நேரத்தில் பல்லில் ஒட்டியிருக்கிற இனிப்பைக் கழுவ ஆளில்லை.

பல் இடுக்குச் சொத்தைக்கு பிரஷ் மட்டும் போதாது, அதன் நார் அங்கே போகவே போகாது. இடுக்கு நெருக்கமாக இருந்தால் ஃபிளாஸ் நூல், கொஞ்சம் இடைவெளி இருந்தால் இடுக்கு பிரஷ். தினம் ஒரு தடவை, இரவில். அந்த இரண்டு இடத்திலாவது செய்யுங்கள், மற்ற இடங்களைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அப்புறம் அந்த டீ. நீங்கள் அதைக் "கொஞ்சம் கூடுதல்" என்று ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள், எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய துப்பு அதுதான். சர்க்கரை போட்ட டீயா? ஒரு கோப்பையை எவ்வளவு நேரம் வைத்துக் குடிக்கிறீர்கள்? 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்பவர் பல் படலத்தின் அமிலத்தன்மையை அளந்து காட்டினார். சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் பி.எச். சடாரென்று விழுகிறது, பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஐந்து கோப்பை, ஒவ்வொன்றையும் கணினி பார்த்தபடி அரை மணி நேரம் உறிஞ்சினால், உங்கள் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் பல் அமிலத்தில் ஊறுகிறது. நீங்கள் இனிப்பே சாப்பிடாதவராக இருக்கலாம், பல்லுக்கு அது தெரியாது.

எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிது. இதை உலகம் தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு அழகானது இல்லை. ஸ்வீடனில் விபேஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில், சம்மதம் சொல்லக்கூட முடியாத நோயாளிகளுக்கு வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்கிற மிட்டாய்களைக் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவுகள் 1954-ல் வந்தன. சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை, இடையிடையே ஒட்டுகிற இனிப்பு தின்றவர்களுக்குப் பல் நாசமாகிப்போனது. இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள். அந்த மனிதர்களின் பல்லைக் கொடுத்துக் கிடைத்த உண்மை என்பதால் எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் உறுத்தும்.

ஆகவே டீயை விடச் சொல்லவில்லை. சர்க்கரையை விடுங்கள், முடியாவிட்டால் இரண்டு கோப்பையைச் சாப்பாட்டு வேளையோடு சேர்த்துப் பத்து நிமிடத்தில் குடித்து முடியுங்கள், மற்றதெல்லாம் சர்க்கரை இல்லாமல். பிஸ்கட்டுக்கும் பழச்சாறுக்கும் இதே விதி. புளிப்பான பானம் குடித்தால் உடனே ஓடிப்போய் பல் தேய்க்காதீர்கள், மென்மையாகியிருக்கிற எனாமலைத் தேய்த்து எடுத்துவிடுவீர்கள், தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

ஒவ்வாமை மாத்திரையைப் பற்றியும் கேட்கணும். அந்த வகை மாத்திரைகளில் பல வாயை உலர்த்தும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிறவை, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற சிலவும் அப்படித்தான். இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறதா, பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதா? இருந்தால் மாத்திரை கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், உலர்த்தாத வேறு மாத்திரை இருக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங் கம்மைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் மென்றால் உமிழ்நீர் ஊறும், விலை போகாத யோசனை என்று பலர் சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்கிறது.

விளம்பரங்களில் வருகிற மற்ற சமாச்சாரங்கள்: பால் புரதத்திலிருந்து எடுத்த கால்சியம் கிரீம்கள் கெடுதல் இல்லை, ஃபுளோரைடைவிட மேல் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதாது, பால் ஒவ்வாமை இருப்பவர்கள் தொடவே கூடாது. எனாமலில் இருக்கிற தாதுவைப் போன்ற ஹைட்ராக்சிஅபடைட் கலந்த பேஸ்ட் பற்றி வருகிற ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஃபுளோரைடுக்குப் பின்னால் இருக்கிற பல பத்தாண்டு அனுபவம் அதற்கு இன்னும் சேரவில்லை. குழி விழுந்த பல்லையே சாப்பாட்டை மாற்றி வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

மகள். விழப்போகிற பல்தானே என்கிறீர்கள், கடைவாய்ப் பால் பற்கள் விழப் பத்திலிருந்து பன்னிரண்டு வயது ஆகும், அதாவது இன்னும் நான்கிலிருந்து ஆறு வருடம் அவள் அதை வைத்துத்தான் மெல்ல வேண்டும். பால் பல்லில் எனாமல் மெல்லியது, சொத்தை நரம்பை எட்டிவிட்டால் ராத்திரி அழுகைதான். எனவே விடக் கூடாது, பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இங்கேயும் டிரில்தான் முதல் வழி என்று இல்லை. வெறும் கறைப் புள்ளி என்றால் வார்னிஷும் கவனிப்பும் போதும். குழி விழுந்து, வலி இல்லாமல் இருந்தால் சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது, 38 சதவீதக் கரைசல், ஒரு சொட்டைத் தொட்டு வைத்தால் வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லைக் கெட்டியாக்கும். ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள், 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது. ஒரு சங்கடம், சொத்தை இருந்த இடம் கரி மாதிரி கறுத்துவிடும், நிரந்தரமாக. பின்பல்லில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் நினைப்பேன், சில பெற்றோருக்குப் பிடிக்காது, முன்கூட்டியே கேட்டு முடிவு செய்யுங்கள். வெள்ளி ஒவ்வாமையோ வாய்ப்புண்ணோ இருந்தால் கூடாது. சொத்தை இரண்டு பல்லுக்கு நடுவே போயிருந்தால் ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்து காட்டிய முறை இருக்கிறது, ஊசியும் டிரில்லும் இல்லாமல் பல்லின் மேல் ஒரு எஃகு உறையை அப்படியே மாட்டி மூடிவிடுவது. ஆரம்பத்தில் எங்கள் ஆட்களே முகம் சுளித்தார்கள், ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் வழக்கமான ஃபில்லிங்கைவிட அது நன்றாகத் தாங்கியது.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். ஆறு வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் புள்ளி அந்தப் பல்லில் இல்லையே என்று உறுதிசெய்யுங்கள். புதிதாக முளைத்த அந்தப் பற்களுக்கு, முழுதாக வெளியே வந்ததும் சீலன்ட் போட்டுவிடுவது நல்லது. பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, அதுவும் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்குக் குறையாதது, தேய்த்துவிட வேண்டியது நீங்கள். ஏழெட்டு வயது வரைக்கும் குழந்தை கையில் பிரஷைக் கொடுத்தால் அது பிரஷைக் கடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகும்போது சில விஷயங்களைக் கேளுங்கள். ஓடு உடைந்திருக்கிறதா, எனாமலிலா டென்டினிலா, சொத்தை இப்போது வளர்கிறதா நின்றுவிட்டதா. கூர்மையான கம்பியால் அந்த வெள்ளைத் தடத்தை அழுத்திக் குத்திப் பார்க்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள், குத்துகிற வேகத்திலேயே ஓடு உடையலாம், இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான். இப்போதைய எக்ஸ்ரேயின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்றவருக்கு ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் அதே கோணத்தில் மறுபடி எடுக்க வேண்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிழல் நின்றதா நகர்ந்ததா என்று தெரியும். நகர்ந்திருந்தால் தோற்றுவிட்டதாக நினைத்து உடனே டிரில்லுக்குப் போக வேண்டாம், முதலில் டீயையும் ஃபிளாஸையும் மாத்திரையையும் பற்றி நேர்மையாக ஒரு தடவை பேசுங்கள்.

வலி வரும் வரை காத்திருப்பது கவனிப்பு ஆகாது. சூடு, குளிர், இனிப்பு பட்டால் கூச்சம் நின்று நின்று வந்தாலோ, திடீரென்று ஃபிளாஸ் நூல் கிழிந்து வர ஆரம்பித்தாலோ, ஒரே இடத்தில் உணவு மாட்டினாலோ ஆறு மாதக் கணக்கு பார்க்காமல் உடனே போக வேண்டும். அந்த நான்காவது பல்லில் இது ஏற்கனவே நடக்கிறது, அதற்கு மட்டும் இந்த வாரமே நாள் வாங்கிவிடுங்கள்.